லினக்ஸ் டெர்மினலில், ஃபைலில் இருப்பதைத் திரையில் காட்டும் கேட் (cat) கமாண்டைக் கொடுத்ததும் திரை கிறுக்கலாகிவிட்டதா?

ரீசெட் (reset) என்று தட்டி என்டர் அழுத்துங்கள். தட்டுவது கண்ணுக்குத் தெரியாமல் போகலாம், கண்டுகொள்ளாதீர்கள். என்டர் எடுபடாவிட்டால் கண்ட்ரோலையும் ஜே-யையும் சேர்த்து அழுத்துங்கள்.

பழைய லாக் (பதிவு) ஃபைலைக் கேட் போட்டுப் பார்த்தபின் எழுத்தெல்லாம் கோடும் கட்டமுமாக வருகிறது என்கிறீர்கள். அது ஜிஸிப் (gzip) என்ற சுருக்கும் கருவியில் சுருக்கப்பட்டதாக இருக்கும் என்று நினைக்கிறேன். கேட் உள்ளே இருப்பதை அப்படியே கொட்டிவிடும், நல்லது கெட்டது பார்க்காது. அதில் 14 என்ற பைட் ஒன்று தட்டுப்பட்டாலே சில டெர்மினல்கள் கோடு வரையும் எழுத்துத் தொகுப்புக்குத் தாவிவிடும்.

ஃபைல் (file) என்ற கமாண்டோடு அந்த லாகின் பெயரைக் கொடுத்துப் பாருங்கள். ஜிஸிப் என்று பதில் வந்தால் சுருக்கியதைப் பக்கம் பக்கமாகக் காட்டும் ஸீலெஸ்ஸில் (zless) திறங்கள். ஸீகேட்டும் (zcat) உண்டு, ஆனால் பெரிய லாக் திரையில் நிற்காமல் ஓடியே போய்விடும்.

ஒன்று: ரீசெட் கொடுத்தால் திரையில் முன்பு இருந்தது அழிந்துபோகலாம். லாகுக்கு ஒன்றும் ஆகியிருக்காது, கேட் படிக்க மட்டுமே செய்யும்.