செட்டிநாட்டில் படம் எடுக்கிறோம். சுற்றுச்சூழலைக் கெடுக்காமல் எடுக்க வழி உண்டா?

கேள்வி இதுதான்: ஒரு சின்ன பட்ஜெட் படத்தை முழுக்க காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் எடுக்கப் போகிறார்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலை நிறுத்திவிட்டு எவர்சில்வர் டம்ளருக்கு மாறினால் பசுமைப் படப்பிடிப்பு ஆகிவிடுமா என்று கேட்டிருக்கிறார்கள்.

ஆகாது. பாட்டிலை நிறுத்துங்கள், அது ஊருக்கு நல்லது. ஆனால் படப்பிடிப்பின் பெரிய கெடுதல் டீசலில் இருக்கிறது. வெளியூரிலிருந்து வரும் யூனிட்டுகளுக்கு வீடு பேசிவிடுவது, வண்டி, சாப்பாடு, ஆட்கள் ஏற்பாடு செய்வதுதான் என் தொழில். அதனால் எனக்குக் கேமராவைப் பற்றி அதிகம் தெரியாது, பில்களைப் பற்றி நன்றாகத் தெரியும்.

ஒரு சாதாரணக் கணக்கு சொல்கிறேன். 125 கேவிஏ ஜெனரேட்டர் வேன் பாதி லோடில் ஓடினால்கூட மணிக்கு 15 லிட்டர் போலக் குடிக்கும். ஒரு நாளைக்கு 12 மணி நேரம் என்றால் 180 லிட்டர். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு வெளியே போகிறது. ஆக, ஒரே வேன், ஒரே நாள், 480 கிலோவுக்கு மேல். யூனிட் முழுக்க ஆயிரம் அரை லிட்டர் பாட்டில் தண்ணீர் குடித்துப் போட்டாலும் அந்தப் பிளாஸ்டிக்கின் எடை பத்துப் பதினைந்து கிலோதான். ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் சேர்ந்து அமைத்த சஸ்டெய்னபிள் புரொடக்‌ஷன் அலையன்ஸ் 2021-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. அதில் பிரம்மாண்டப் படம் ஒன்றுக்குச் சராசரியாக 3,370 டன் கரியமில வாயு என்று வந்தது. அதில் ஏறக்குறைய பாதி, வண்டிக்கும் ஜெனரேட்டருக்கும் ஊற்றிய எரிபொருளால் மட்டும். நம் படங்கள் அந்த அளவுக்குப் பெரியவை அல்ல, ஆனாலும் எதை முதலில் குறைக்க வேண்டும் என்பது அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான்.

இதை ஸ்பாட்டில் வந்து குறைக்க முடியாது. ஷெட்யூல் போடும்போதே குறைக்க வேண்டும். நான் பார்த்தவரை வீணாகும் டீசலில் பெரும்பங்கு, கால்ஷீட் இழுபறியால் ஒரே ஊருக்கு இரண்டு தடவை வருவதில் போகிறது. சென்னையிலிருந்து காரைக்குடி 400 கிலோமீட்டருக்கு மேல். லைட் வண்டி, ஜெனரேட்டர், கேரவன், மெஸ் வண்டி, ஆர்ட் டிபார்ட்மென்ட் லாரி எல்லாம் மறுபடி கிளம்பி வர வேண்டும். நடிகரின் தேதியை இறுக்கிப் பிடித்து ஒரே மூச்சில் முடிக்கிற புரொடக்‌ஷன் மேனேஜர், மரம் நடுவிழா நடத்துகிறவர்களைவிடச் சுற்றுச்சூழலுக்கு அதிகம் செய்கிறார். அவருக்கே அது தெரியாது, அது வேறு விஷயம்.

யூனிட் ஆட்களுக்குப் பல்லவன் எக்ஸ்பிரஸ் இருக்கிறது, எழும்பூரிலிருந்து நேராகக் காரைக்குடி. ஆளுக்கொரு காரில் வருவதை இது பெருமளவு தவிர்க்கும். கார்களை இங்கேயே வாடகைக்கு எடுங்கள். சினிமாத் தொழிலாளர் சங்க விதிகள் இருப்பதால் எல்லா வண்டியையும் உள்ளூரில் எடுக்க முடியாது. எடுக்க முடிகிறதை எடுக்கலாமே. தங்குவதைக் காரைக்குடியில் வைத்துக்கொண்டு கானாடுகாத்தான், ஆத்தங்குடி, பள்ளத்தூர், கோட்டையூர் என்று சுற்றினால் தினசரி ஓட்டமும் குறைவு.

அடுத்தது வெளிச்சம். 2,000 வாட் டங்ஸ்டன் விளக்கு செய்கிற வேலையை 400, 450 வாட் எல்ஈடி பேனல் செய்துவிடும். இது பல ஒளிப்பதிவாளர்களுக்குத் தெரியும். ஜன்னல் வழியே வெயில் விழுகிற மாதிரி காட்ட மட்டும் பெரிய ஹெச்எம்ஐ (பகல் வெளிச்சம் போலத் தரும் சக்திவாய்ந்த விளக்கு) கேட்பார்கள். என் வேண்டுகோள், வீட்டை ஒருமுறை காலை முதல் மாலை வரை சும்மா உட்கார்ந்து பாருங்கள். வளவு, அதாவது வீட்டின் நடு முற்றம், வானத்தைப் பார்த்துத் திறந்திருக்கிறது. எந்த நேரத்தில் எந்தப் பக்கத் தூணில் வெயில் விழும் என்று தெரிந்தால் பாதிக் காட்சிகளுக்கு ஜெனரேட்டரே வேண்டாம். சுவர் தடிமன், வளவில் காற்றோட்டம், சித்திரை மாதத்திலும் வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் படுத்துத் தூங்கலாம். இப்படிப்பட்ட வீட்டின் வாசலில் கேரவனை நிறுத்தி ஏசிக்காக நாள் முழுக்க எஞ்சினை ஓட விடுவதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

வீட்டு மின்சாரத்தில் லைட்டைச் செருகலாமா என்று சிலர் கேட்பார்கள். கூடாது. பழைய வயரிங், தாங்காது. வீட்டு இணைப்பில் படப்பிடிப்பு நடத்துவதும் விதிப்படி தவறு. மின்வாரியத்தில் தற்காலிக இணைப்புக்கு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். கட்டணம் கூடுதல்தான், ஆனாலும் டீசலோடு ஒப்பிட்டுக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கரண்ட் போனால் சமாளிக்க ஜெனரேட்டர் நிற்கட்டும், ஓடாமல் நிற்கட்டும். (மின்சாரத்துக்காக சினிமா காரைக்குடியைத் தேடி வந்த காலமும் உண்டு. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் சென்னையில் ஸ்டுடியோவுக்கு மின்சாரம் கிடைப்பது சிரமமாக இருந்ததால் ஏவி. மெய்யப்பன் தன் ஸ்டுடியோவை இங்கே தேவகோட்டை ரஸ்தாவில் அமைத்தார். 1947-ல் வந்த ‘நாம் இருவர்’ அங்கே எடுத்ததுதான். 1948-ல் சென்னைக்குப் போய்விட்டார்கள்.)

இனி, வெளியூர்க்காரர்கள் யோசிக்காத ஒன்று: தண்ணீர். சிவகங்கை மாவட்டம் வறண்ட பூமி. அதனால்தான் அந்தக் காலத்தில் வீடு கட்டும்போதே கூரையில் விழும் மழை வளவுக்கு வந்து, அங்கிருந்து வடிகால் வழியாகத் தெருவுக்கும் ஊரணிக்கும் போகிற மாதிரி கட்டினார்கள். எல்லா வீட்டிலும் இப்போது அந்த வழி ஒழுங்காக இல்லை. பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. அதாவது வளவில் நீங்கள் எதைக் கொட்டினாலும் அது ஊரணிக்குப் போகக்கூடும். ஒரு பாட்டுக்காக வளவில் கலர்ப் பொடியும் சோப்பு நுரையும் அள்ளி விட்டு, மாலையில் குழாயைத் திறந்து கழுவி விட்டுப் போனார்கள் ஒரு யூனிட்டார். மறுநாள் ஊரணிப் படித்துறையில் ஊர்க்காரர்களிடம் பேச்சு வாங்கியது நான். அதிலிருந்து வளவில் கலர், நுரை, செயற்கை ரத்தம் எது இருந்தாலும் வடிகால் வாயைச் சாக்கு வைத்து அடைத்து, அள்ளித் துடைத்து எடுத்த பிறகுதான் தண்ணீர் ஊற்ற விடுகிறேன். மழைக் காட்சிக்கு டேங்கர் வரவழைத்தால், சுத்தமான தண்ணீராக இருந்தால், அதே வடிகாலை ஊரணிக்குத் திறந்து விடச் சொல்வேன். லாரித் தண்ணீரும் பக்கத்து ஊர் நிலத்தடி நீர்தானே, கொஞ்சமாவது இங்கேயே இறங்கட்டும்.

செட் விஷயத்தில் செட்டிநாட்டுக்கு வருவதே ஒரு லாபம். சென்னையில் ஒரு செட்டிநாட்டு வீடு போட வேண்டுமானால் பிளைவுட், தெர்மாக்கோல், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் தூண், தரைக்கு ஆத்தங்குடிப் பூக்கல் மாதிரி அச்சடித்த ஃபிளெக்ஸ் என்று லாரி லாரியாகப் போகும். படம் முடிந்ததும் பிளைவுட் மட்டும் மறுபடி பயன்படும், மீதி குப்பை. இங்கே தேக்குத் தூண் ஏற்கெனவே நிற்கிறது, அசல் ஆத்தங்குடிக் கல் கிடக்கிறது. சூளை கிடையாது, கையால் வார்த்து, தண்ணீரில் ஊறப்போட்டு, வெயிலில் காய வைத்த கல் அது. சாமான்களுக்கும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் பெட்டி, கூஜா, எனாமல் தூக்கு எல்லாம் வாடகைக்குக் கேட்டுப் பார்க்கலாம். இரண்டு நாள் காட்சிக்காக மட்டும் முழு யூனிட்டையும் இங்கே கிளப்பிக்கொண்டு வருவதானால், சென்னையில் இருக்கிற ஒரு பழைய வீட்டைத் தேடுவதே நல்லது. இப்படிச் சொல்வது என் பிழைப்புக்கு விரோதம், ஆனாலும் உண்மை.

வீட்டைப் பத்திரமாக வைப்பதும் இதில் சேர்த்திதான். முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய சுண்ணாம்புச் சுவரில் ஓர் ஆணி அடித்தால் அதைப் பழையபடி சரி செய்ய ஆள் கிடைப்பது கஷ்டம். தரையில் டேப் ஒட்டிப் பிய்த்தால் பளபளப்பும் கூடவே வரும். டிராலி தண்டவாளத்துக்குக் கீழே சாக்கு, ரப்பர் ஷீட் போடுங்கள். இந்தக் கிராமங்கள் 2014 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. அதைவிட முக்கியம், ஒரு வீடு கெட்டால் அடுத்த யூனிட்டுக்கு அந்தத் தெருவிலேயே கதவு திறக்காது. போன வருடம் ஓர் ஆச்சியிடம் கேட்டபோது, “வெள்ளையடிக்கக் காசு வரும்தான் தம்பி, ஆனா வீடு திரும்பக் கிடைக்கணுமே” என்றார்கள். பதில் சொல்ல முடியவில்லை.

சாப்பாடு, குப்பை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெரிய பெரிய கல்யாணங்களை நடத்திப் பழகிய ஊர் இது. பாத்திர வாடகைக் கடையில் தட்டு, டம்ளர், அண்டா எல்லாம் கிடைக்கும், கழுவ ஆளும் கிடைக்கும். இலை போட்டால் மாட்டுக்கு ஆகும். தூக்கி எறியும் பிளாஸ்டிக் கப், தட்டு, தண்ணீர்ப் பாக்கெட் எல்லாம் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. பாட்டில் அந்தத் தடையில் வராததால்தான் எல்லா ஸ்பாட்டிலும் அது மட்டும் குவிகிறது. 20 லிட்டர் கேனும், பெயர் எழுதிய ஆளுக்கொரு பாட்டிலும் போதும். முதல் இரண்டு நாள் முணுமுணுப்பார்கள், அப்புறம் பழகிவிடும்.

கடைசியாக, வீட்டு ஒப்பந்தக் கடிதம். பெரும்பாலும் வாடகையும் தேதியும்தான் எழுதுவார்கள். ஆணி, டேப், வடிகால், குப்பை நான்கையும் எழுத்தில் சேருங்கள். பங்காளிகள் பலருக்குச் சொந்தமான வீடு என்றால் ஒருவர் சொன்னதை இன்னொருவர் ஒப்புக்கொள்ள மாட்டார், அதற்காகவும் எழுத்து வேண்டும். முன்பணத்தில் ஒரு பகுதியை, குப்பையெல்லாம் அகற்றி வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் காட்டிய பிறகே திருப்பித் தரலாம் என்று நீங்களே முன்வந்து எழுதிக் கொடுங்கள். அப்படிக் கேட்டு வருகிறவர்களுக்கு வாடகையில் கொஞ்சம் இறங்கி வரும் வீட்டுக்காரர்களும் இங்கே இருக்கிறார்கள்.