தாத்தாவும் பேரனும் கொரோனா ஊரடங்கும் – கடிதம் (மே 2020)

அன்புள்ள அக்காவுக்கு,

தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவே ஒரு கடற்கரை ஊரில் இருக்கிறோம். கணவர் வளைகுடாவில் மாட்டிக்கொண்டார், விமானம் இல்லை. வீட்டில் நான், மாமனார், மூன்றாம் வகுப்பு முடித்த மகன். பள்ளி மூடியதும் காலை முதல் இரவு வரை அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டினேன். மூன்று நாள்தான் நடந்தது. அப்புறம் அழுகை, சண்டை. பள்ளியிலிருந்து வாட்ஸ்அப்பில் வரும் பாடத்தை எழுதவைப்பதற்குள் எனக்கே அழுகை வருகிறது. மற்ற நேரமெல்லாம் போன் கேட்கிறான். பிடுங்கினால், திண்ணையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருக்கும் தாத்தாவைப் போய்த் தொந்தரவு செய்கிறான். படித்ததெல்லாம் மறந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. அவனைச் சந்தோஷமாக வைத்துக்கொண்டு ஏதாவது கற்றுக்கொடுக்கவும் முடியுமா?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் அந்த அட்டவணையைச் சுவரிலிருந்து எடுத்துவிடுங்கள். 1 முதல் 9ஆம் வகுப்பு வரை எல்லோருக்கும் தேர்ச்சி என்று மார்ச் மாதமே அரசு அறிவித்துவிட்டது. உங்கள் மகன் நான்காம் வகுப்புக்குப் போய்விட்டான். வாட்ஸ்அப் பாடத்துக்கு ஒரு நாளைக்கு அரை மணி நேரம் போதும். முடியாத நாளில் விட்டுவிடுங்கள். கணவர் தூரத்தில் தவிக்கிறார், வீட்டுச் சுமை முழுவதும் உங்கள் தலையில். மதியம் நீங்கள் சற்றுக் கண்ணயர அவன் ஒரு மணி நேரம் போன் பார்த்தால் குடி முழுகிவிடாது.

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது ஒரு வரியைத்தான். தாத்தாவிடம் போய்த் தொந்தரவு செய்கிறான் என்று எழுதியிருக்கிறீர்களே, அது. அவன் போக வேண்டிய இடத்துக்குத்தான் போகிறான். அவனுக்கு வேண்டியது பொழுதுபோக்கு இல்லை, வேலை. பெரியவர்கள் நிஜமாகச் செய்யும் வேலையில் தனக்கும் ஒரு பங்கு. அந்தக் கிழிந்த வலையில் ஒரு ஓரத்தை அவனுக்கென்று ஒதுக்கித் தரச் சொல்லி மாமனாரிடம் கேளுங்கள். ஊசியில் நூல் கோப்பது, முடிச்சு விழுவது, வலைக்கண் ஒன்றுபோல வருகிறதா என்று பார்ப்பது எல்லாம் கைக்குப் பழக நாளாகும். நாளாகட்டும். கோணலாகப் போட்டதை அவர் பிரிக்கச் சொல்லுவார், அவன் பிரித்துப் போடுவான். நாம் பிரிக்கச் சொன்னால்தான் அழுகை.

வலை பொத்தும்போது பேச்சு தானாக வரும். வாடைக்காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கும், கொண்டல் காற்று எப்போது எழும், கச்சான் காற்று வீசினால் கடல் என்ன செய்யும் என்று அவரிடம் கேட்கச் சொல்லுங்கள். கேட்டதை ஒரு பழைய நோட்டில் அவனே எழுதட்டும். இன்று என்ன காற்று, நாட்டுப்படகில் போனவர்கள் என்ன மீன் கொண்டுவந்தார்கள், நிலா எத்தனை மணிக்கு ஏறியது என்று நாளைக்கு நான்கு வரி. நிலா ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தாமதமாக எழும். அதை நீங்கள் சொல்லிவிடாதீர்கள், ஒரு வாரத்தில் நோட்டைப் பார்த்து அவனே கண்டுபிடிப்பான். எழுத்துப்பிழையைத் திருத்தவும் வேண்டாம். தாத்தாவுக்குப் படித்துக் காட்டும்போது பாதி தானே சரியாகிவிடும்.

அடுத்து, வாசலில் வெயில் படும் இடத்தில், தரைக்கு மேலே ஒரு மீட்டர் நிற்கும்படி ஒரு குச்சியை நேராக நட்டுவையுங்கள். மதியம் 12.15 வாக்கில் நிழலை ஸ்கேலால் அளக்கட்டும். உங்கள் பக்கம் சித்திரை பிறப்பை ஒட்டிச் சூரியன் சரியாகத் தலைக்கு மேலே வரும். அன்று உச்சியில் குச்சிக்கு நிழலே இருக்காது. அதற்குப் பிறகு சூரியன் நமக்கு வடக்கே போய்விடுவதால் உச்சிவேளை நிழல் தெற்கே விழும். இந்த மே முதல் வாரத்தில் அது 11 சென்டிமீட்டர் அளவில் இருக்கும். ஜூன் 21 வரை கொஞ்சம் கொஞ்சமாக நீண்டு 25 சென்டிமீட்டரை நெருங்கும், பிறகு சுருங்கத் தொடங்கும். நேற்றைக்கும் இன்றைக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று அவன் பார்க்கும்போது கழித்தல் கணக்கு நடந்துவிடும். எனக்கு இதில் பிடித்தது, ஒரே நாளில் முடிந்துபோகாத கேள்வி இது. நாளைக்கு என்ன ஆகும் என்ற ஆவலோடு பிள்ளை தூங்கப்போகும்.

படகுக்காரர் யாரிடமாவது ஒரு பாட்டில் கடல்தண்ணீர் கேட்டு வாங்குங்கள். அகலமான தட்டில் ஒரு டம்ளர் (200 மில்லி) ஊற்றி மாடியில் வைத்தால் அக்கினி நட்சத்திர வெயிலில் வற்றி உப்புப் பூக்கும். லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு, ஆகவே டம்ளருக்கு 7 கிராம் தேறும். வாலிநோக்கம் உப்பளத்தில் பாத்தி பாத்தியாக நடப்பதும் இதுதான் என்று சொல்லிக் காட்டலாம்.

மீன் ஆயும்போதும் அவனைப் பக்கத்தில் உட்காரவையுங்கள். கத்தாழை மீன் கிடைத்தால் தலையைப் பிளந்து பார்க்கட்டும், உள்ளே வெள்ளையாக இரண்டு கல் இருக்கும். மீன் காது கேட்பதற்கும் சாயாமல் நீந்துவதற்கும் அந்தக் கல்தான் உதவுகிறது. மரத்தை அறுத்தால் தெரிவதுபோல அதிலும் வளையம் உண்டு, அதை எண்ணித்தான் ஆராய்ச்சியாளர்கள் மீனின் வயதைச் சொல்கிறார்கள். கழுவிக் காயவைத்துத் தீப்பெட்டியில் சேர்த்துக்கொள்ளட்டும்.

வாய்ப்பாடு மறந்துவிடும் என்ற பயம் இருந்தால் பல்லாங்குழியை எடுங்கள். பலகை இல்லாவிட்டால் தரையில் 14 வட்டம் போதும். குழிக்கு 5 புளியங்கொட்டை, ஒரு பக்கத்துக்கு 35, மொத்தம் 70. எனக்கு ஐந்தாம் வாய்ப்பாடு வந்தது அப்படித்தான், ஆச்சியோடு விளையாடி.

இதையெல்லாம் ஒரே நாளில் ஆரம்பிக்க வேண்டாம். வலையும் குச்சியும் போதும் இப்போதைக்கு. ‘போர் அடிக்குது’ என்று வந்து நின்றால் உடனே எதையும் கையில் கொடுத்துவிடாதீர்கள். கால் மணி நேரம் சும்மா சுற்றட்டும், அவனாகவே ஏதாவது தேடிக்கொள்வான். ராத்திரி அப்பாவிடம் போனில் பேசும்போது நோட்டை எடுத்துவைத்துப் படிக்கச் சொல்லுங்கள். அங்கே அறைக்குள் அடைந்து கிடப்பவருக்கு ஊர்க் காற்றும் மீனும் காதில் விழட்டும்.

ஆகஸ்ட் 28ஐ ஒட்டி உங்கள் குச்சியின் நிழல் மறுபடியும் காணாமல் போகும். அன்று மேகம் இல்லாமல் இருந்து அவன் பார்த்துவிட்டால், அடுத்த கடிதத்தை அவனையே எழுதச் சொல்லுங்கள். தாத்தா என்ன சொன்னார் என்பதையும் சேர்த்து.

அன்புடன்,
அக்கா