முதலில் கூரை, பிறகு பேட்டரி: பழைய கேம்பர் வேனைச் சீரமைக்கும் முறை

கேள்வி: 2011இல் பதிவான டெம்போ டிராவலர் ஒன்றைச் சென்ற ஆண்டு திருநெல்வேலியில் வாங்கினேன். முந்தைய உரிமையாளர் படுக்கையும் சமையல் மேடையும் அமைத்து அதைக் கேம்பர் வேனாக மாற்றியிருந்தார். மழை பெய்தால் பக்கவாட்டுப் படுக்கைக்கு மேல் சொட்டுகிறது. கதவருகே தரை மிதித்தால் அமுங்குகிறது. 150 ஆம்பியர் டியூபுலர் பேட்டரி, ஒரு மின்விசிறியும் சிறிய பிரிட்ஜும் ஓடினால் நள்ளிரவுக்குள் இறங்கிவிடுகிறது. 200 ஆம்பியர் லித்தியம் பேட்டரி, சோலார் பேனல், முடிந்தால் ஏ.சி. ஆகியவற்றை நானே பொருத்த எண்ணுகிறேன். எதிலிருந்து தொடங்குவது? எதை மற்றவரிடம் விடுவது?
- திசையன்விளை வாசகர்

பதில்: ஒழுகலை ஒரு வரியிலும் பேட்டரியை மூன்று வரியிலும் எழுதியிருக்கிறீர்கள், உழைப்பை இதற்கு நேர்மாறாகப் பங்கிடுங்கள். கூரைவழி இறங்கும் நீர் படுக்கையை நனைப்பதோடு நிற்பதில்லை. உட்பலகைக்கும் தகரத்துக்கும் இடையே தங்கி, தகரத்தைத் துருவாக்கி, பலகையை உளுக்கச் செய்து, வயர் இணைப்புகளில் பச்சைக் களிம்பு பிடிக்க வைக்கிறது. அந்த இணைப்புகளை நம்பித்தான் நீங்கள் விலை உயர்ந்த லித்தியம் பேட்டரியைப் பொருத்தப் போகிறீர்கள். ஆகவே கூரையும் தரையும் முடியும்வரை பேட்டரி வாங்க வேண்டாம்.

அதற்கும் முன்பாக ஒரு சோதனை. 2023 டிசம்பரில் தாமிரபரணிக் கரையோரம் வெள்ளத்தில் நின்ற வண்டிகள் ஏராளம். விற்றவர் சொல்லாமல் விட்டிருக்கவும் கூடும். சீட் பெல்ட்டை அதன் கடைசி முனைவரை வெளியே இழுத்துப் பாருங்கள். வழக்கமாக உருளைக்குள்ளேயே சுருண்டிருக்கும் அந்தக் கடைசி ஒரு முழத்தில் வண்டல் கறை படிந்திருந்தால், வண்டி நீரில் நின்றிருக்கிறது என்று கொள்ளலாம். வண்டியைக் கழுவி விற்பவர்கள் அந்த இடத்தைக் கழுவுவது அரிது. கறை இருந்தால் டாஷ்போர்டுக்குக் கீழேயுள்ள ஒவ்வொரு வயர் இணைப்பையும் கழற்றிப் பார்க்க வேண்டியிருக்கும்.

இனி ஒழுகல். சொட்டும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டையைத் தேடுவதுதான் பலரும் செய்யும் தவறு. கூரையின் உட்புறம் குறுக்கே ஓடும் வில்களின் மேலேறி நீர் நாலைந்து அடி தள்ளிக்கூடச் சொட்டும். உட்பலகையைக் கழற்றிவிட்டு, வில்கள் மீதும் மடிப்புகள் மீதும் முகப்பவுடரைத் தூவி வையுங்கள். ஒருவர் டார்ச்சுடன் உள்ளே இருக்க, மற்றவர் வெளியே ஏணியில் நின்று, குழாயைப் பீய்ச்சாமல் செம்பால் மெதுவாக நீர் ஊற்ற வேண்டும். முதலில் ஜன்னல் ரப்பரின் அடிவிளிம்பு, பிறகு மேல்விளிம்பு, பிறகு தண்ணீர் வடியும் மடிப்பு, கடைசியாகக் கூரைமீதுள்ள காற்றுத்துளை மூடியும் ஸ்க்ரூத் தலைகளும் என்று கீழிருந்து மேலாகப் போக வேண்டும். ஒவ்வோர் இடத்துக்கும் 10 நிமிடம் கொடுங்கள். மேலிருந்து தொடங்கினால் வழிந்தோடும் நீர் எல்லா இடத்தையும் நனைத்து, உண்மையான வழி எது என்று தெரியாமல் செய்துவிடும். பவுடரில் விழும் கோடு உங்களை நேராக ஓட்டைக்குக் கூட்டிச் செல்லும்.

அடைப்பதற்குச் சிலிக்கான் வேண்டாம். பாலியூரித்தேன் சீலன்ட் வாங்குங்கள். காடி வாசம் வரும் மலிவான சிலிக்கான், காயும்போது வெளியிடும் அமிலத்தால் தகரத்தையே அரிக்கும். போதாக்குறைக்கு, ஒருமுறை சிலிக்கான் பட்ட இடத்தில் பெயின்டும் ஒட்டாது, வேறு சீலன்டும் ஒட்டாது. என் முதல் வேனின் கூரை மூடியில் ஆசைப்பட்டுச் சிலிக்கான் தடவிவிட்டு, அடுத்த மூன்று ஐப்பசிகளிலும் அதைச் சுரண்டிய அனுபவத்தில் சொல்கிறேன். உங்கள் வேனில் பழைய சிலிக்கான் இருந்தால் பிளேடால் முழுவதுமாக வழித்தெடுத்து, தின்னரால் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகே புதியதைப் போட வேண்டும். மாசி, பங்குனி இதற்கு ஏற்ற மாதங்கள்.

கதவருகே அமுங்கும் தரையை மேலே பலகை அடித்து மூடாதீர்கள். பழைய பிளைவுட்டைப் பெயர்த்து, தகரத்தைக் கம்பி பிரஷ்ஷால் பளிச்சென்று வரும்வரை தேய்த்து, துரு மாற்றித் திரவம் தடவி, அதன்மேல் எபாக்ஸி ப்ரைமர் இரண்டு கோட் அடியுங்கள். நம் பக்கத்துப் பட்டறைகளில் பழக்கமான ரெட் ஆக்சைடு, மேலே நல்ல பெயின்ட் இல்லாவிட்டால் ஈரத்தை உறிஞ்சும். தரைவிரிப்புக்கு அடியில் அதை நம்ப முடியாது. புதிய பலகை ஐ.எஸ். 710 முத்திரையுள்ள (மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தர எண்) 12 மி.மீ. மரைன் பிளைவுட்டாக இருக்கட்டும். அறுத்த விளிம்புகளுக்கும் ப்ரைமர் அடிப்பதை மறக்க வேண்டாம், நீர் குடிப்பது விளிம்புதான். உவரிக் கடற்கரையில் ஓரிரவு நிறுத்திவிட்டு வந்தால், அடுத்த நாளே வண்டியின் அடிப்பகுதியை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். உவர்ப்பான போர் தண்ணீர் அதற்கு உதவாது.

இப்போது மின்சாரம். பேட்டரியில் 150 ஆம்பியர் என்று சொல்வது உண்மையில் 150 ஆம்பியர் மணி; 12 வோல்ட்டில் அது 1800 வாட் மணி. ஆனால் உங்கள் டியூபுலர் போன்ற ஈய அமிலப் பேட்டரியில் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும் என்பதால், புதியதாக இருக்கும்போதே 900 வாட் மணிதான் கணக்கு. உங்கள் மின்விசிறி சாதாரண 75 வாட் வீட்டு மின்விசிறி என்றால் ஒன்பது மணி நேரத்துக்கு அதற்கே 675 போய்விடும். இன்வெர்ட்டர் எந்த வேலையும் இல்லாமல் உயிரோடு இருப்பதற்கே 10 முதல் 20 வாட் வரை தின்னும். அதற்கு மேல் பிரிட்ஜ். நள்ளிரவில் இறங்குவதில் வியப்பில்லை. முதலில் செலவைக் குறையுங்கள்: 15 முதல் 20 வாட்டில் ஓடும் 12 வோல்ட் டி.சி. மின்விசிறிகள் இரண்டு, கம்ப்ரஸர் உள்ள டி.சி. பிரிட்ஜ் ஒன்று, எல்.இ.டி. விளக்குகள். இவற்றுக்கு ஒரு நாளுக்குச் சுமார் 1000 வாட் மணி போதும். அதன் பிறகு லித்தியம் வாங்கினால், எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகையில் 12.8 வோல்ட், 100 ஆம்பியரே ஏறத்தாழ ஒரு நாளைக்குத் தாங்கும். மழை நாளுக்கும் சேர்த்து வேண்டும் என்றால் 200 வாங்குங்கள். அதை ஓடும் எஞ்சினிலிருந்து சார்ஜ் செய்ய நேரடி ரிலே போடாதீர்கள். லித்தியம் கேட்கும் கரன்ட்டைத் தொடர்ந்து கொடுத்துப் எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் பழைய ஆல்டர்னேட்டர் சூடாகிக் கருகிவிடும். கரன்ட்டை அளவோடு விடும் 30 ஆம்பியர் டி.சி.-டி.சி. சார்ஜரை இடையில் வைப்பதே முறை.

வயரின் தடிமனில்தான் பெரும்பாலோர் கஞ்சத்தனம் காட்டுகிறார்கள். பேட்டரியிலிருந்து 5 மீட்டர் தள்ளி 20 ஆம்பியர் கொண்டுபோக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்; போய் வர 10 மீட்டர். 4 சதுர மி.மீ. செம்பு வயரில் வழியிலேயே 0.86 வோல்ட் குறைந்துவிடும். 10 சதுர மி.மீ. போட்டால் குறைவது 0.34 வோல்ட்தான். வீட்டின் 230 வோல்ட்டில் யாரும் கவனிக்காத இந்த ஏறத்தாழ ஒரு வோல்ட், 12 வோல்ட்டில் பிரிட்ஜை ஓடவிடாமல் நிறுத்தப் போதுமானது. வண்டி குலுங்கும் என்பதால் ஒற்றைக் கம்பி வீட்டு வயரைத் தவிர்த்துப் பல இழை வயரையே பயன்படுத்துங்கள். நெகடிவுக்கும் சேசிஸை நம்பாமல் தனி வயர் இழுங்கள். முதன்மை பியூஸ், பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும். பியூஸ் காப்பது வயரைத்தான் என்பதால், அதன் அளவை வயரின் தாங்குதிறனைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

சோலாருக்கு 200 வாட் பேனல் இரண்டு போதும். திருநெல்வேலி வடக்கு அட்சரேகை 8.7 டிகிரியில் இருப்பதால் பேனலைச் சாய்க்கத் தேவையில்லை. கூரையில் படுக்கையாக வைத்தாலே தெளிந்த நாளில் ஒன்றரை யூனிட் வரை கிடைக்கும். கூரையில் புதிதாகத் துளையிட்டால் புதிய ஒழுகலுக்கு வழி செய்கிறீர்கள் என்று பொருள். மழைநீர் மடிப்பில் பிடிக்கும் கேரியர் கால்களில் பொருத்துங்கள். அடியில் இரண்டு அங்குலம் காற்றோட ஏற்பாடு இருந்தால் சூட்டால் குறையும் மின்சாரம் கொஞ்சம் மிச்சமாகும். ஆனி, ஆடியில் பணகுடி, காவல்கிணறு வழியாகப் போகிறவருக்கு அங்கே ஏன் இத்தனை காற்றாலைகளை நட்டிருக்கிறார்கள் என்று சொல்லத் தேவையில்லை. பேனல் போல்ட்டுகளுக்கு, குலுங்கினாலும் எளிதில் தளராத நைலாக் நட் போட்டு, அந்த மாதங்களில் பயணத்துக்கு முன் ஒருமுறை முறுக்கிப் பாருங்கள்.

ஏ.சி.யை இப்போதைக்கு மறந்துவிடுவது நல்லது. ஒரு டன் ஏ.சி. முழு வேகத்தில் 1000 வாட்டுக்கு மேல் இழுக்கும். 200 ஆம்பியர் லித்தியம் அதற்கு இரண்டு, மூன்று மணி நேரம்தான் வரும். கூரைக்கு வெள்ளை அடித்து, உள்ளே சூட்டைத் தடுக்கும் நைட்ரைல் ரப்பர் ஷீட் ஒட்டி, கூரையில் காற்றை வெளியேற்றும் விசிறி ஒன்று வைத்தால், மாஞ்சோலை அடிவாரத்திலோ குற்றாலச் சாரலிலோ நிம்மதியாகத் தூங்கலாம்.

சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். ஆகவே 5 கிலோ சிலிண்டரை, வேனின் உட்புறத்துக்குக் காற்று கசியாத தனிப்பெட்டியில், அடியில் வெளியே திறக்கும் துளையோடு வையுங்கள். கசிவு அலாரம் தரைமட்டத்தில் இருக்க வேண்டும். ஆர்.சி.யில் இருக்கை எண்ணிக்கையும் வண்டி வகையும் உண்மையோடு பொருந்துகின்றனவா என்றும் பாருங்கள்: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இந்த மாற்றங்களைப் பற்றியதுதான். தனிநபர் உபயோக வண்டியாகப் பதிவாகியிருந்தால் 2026இல் 15 ஆண்டு நிறைவாகிப் புதுப்பிக்க வேண்டி வரும். அப்போது ஆய்வாளர் வண்டியைப் பார்ப்பார்.

மற்றவரிடம் விட வேண்டியவை: பிரேக், ஸ்டியரிங், கேஸ் குழாய், சேசிஸில் எந்த வெல்டிங்கும். டயரை மட்டும் நீங்களே பாருங்கள். பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் 2316 என்றிருந்தால் அது 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர்; பட்டன் (டயரின் மேல்மேடுகள்) எவ்வளவு மீதமிருந்தாலும் மாற்ற வேண்டியதுதான். வெல்டர் வந்ததும், அவர் எர்த் கவ்வியை மாட்டும் முன், எஞ்சின் பேட்டரி, உள் பேட்டரி இரண்டின் நெகடிவ் வயரையும், ஆல்டர்னேட்டர் இணைப்பையும் உங்கள் கையால் கழற்றிவிட்டு, கவ்வி வெல்டிங் இடத்துக்கு அருகிலேயே பிடித்திருக்கிறதா என்று பார்த்த பிறகு தொடங்கச் சொல்லுங்கள்.