கேள்வி–பதில்: படமும் பாட்டும் ஒன்றாகப் போக

கேள்வி: லினக்ஸில் சி மொழியில் வீடியோ பிளேயர் எழுதுகிறேன். விநாடிக்கு 25 ஃபிரேம். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் (படத்தின் ஒரு காட்சித்துண்டு) பிறகு, நிரலைத் தூங்கவைக்கும் ‘யூஸ்லீப்’பில் 40,000 மைக்ரோ விநாடி நிறுத்தியும், படம் ஆடியோவுக்குப் பின்னால் போகிறதே?
– வாசகர், பாலக்கோடு

பதில்: தூங்கும் நேரத்தை மட்டும் கணக்கில் எடுத்திருக்கிறீர்கள். ஃபிரேமை டிகோட் செய்து (சுருக்கத்தைப் பிரித்து) திரையில் போட 3 மில்லி விநாடி ஆனால், ஃபிரேமுக்கு 43 ஆகிவிடும். 1,500 ஃபிரேம் ஓடுவதற்குள் 4.5 விநாடி தாமதம். போதாக்குறைக்கு, தூக்கம் கேட்டதைவிடச் சற்று நீளவும் செய்யும்.

தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி போகும் பஸ்ஸை ‘ஒவ்வொரு ஸ்டாப்பிலும் 5 நிமிடம் நில்’ என்றால் தாமதம் சேர்ந்துகொண்டே போகும். ‘காரிமங்கலத்தில் 6.40க்கு எடு’ என்றால் சேராது. அதையே இங்கும் செய்யுங்கள். தொடக்கத்தில் ‘கிளாக் மோனோடானிக்’ (யாராலும் திருத்தி வைக்க முடியாமல் முன்னோக்கியே ஓடும் கடிகாரம்) நேரத்தை ஒருமுறை எடுத்து வையுங்கள். n-ஆவது ஃபிரேமின் நேரம் = தொடக்கம் + n × 40 மில்லி விநாடி. அந்த நேரத்தை, ‘இவ்வளவு நேரம்’ அல்ல, ‘இந்த நேரம் வரை’ தூங்கு என்று சொல்லும் ‘டைமர் ஆப்ஸ்டைம்’ கொடியோடு ‘கிளாக் நானோஸ்லீப்’ என்ற தூக்க ஃபங்ஷனுக்குக் கொடுங்கள். நானோ விநாடிப் பகுதி 100 கோடியைத் தொட்டால் அழைப்பு பிழையாகிவிடும். விநாடியில் ஒன்றைக் கூட்டி மீதியை வையுங்கள். இடையில் சிக்னல் வந்து எழுப்பினால் அதே நேரத்தைக் கொடுத்து மறுபடி அழைத்தால் போதும். பிழை எண், வழக்கமாக அது வைக்கப்படும் ‘எர்நோ’ மாறியில் வராது, திரும்பி வரும் மதிப்பிலேயே இருக்கும். பலர் தடுமாறுவது இங்கேதான்.

30 ஃபிரேம் படத்துக்கு 33 மில்லி விநாடி என்று முழுமையாக்காதீர்கள். ஒரு மணி நேரத்தில் 36 விநாடி முந்திவிடும். n-ஐ 100 கோடியால் பெருக்கி, பிறகு 30-ஆல் வகுங்கள்.

நீளமான படத்துக்கு இதுவும் போதாது. சவுண்ட் கார்டின் கடிகாரமும் கணினியின் கடிகாரமும் துல்லியமாக ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. எனவே ஆடியோவையே தலைமைக் கடிகாரமாக வையுங்கள்: அனுப்பிய சாம்பிள்களில் (ஒலியின் துணுக்கு அளவுகள்) இன்னும் ஒலிக்காமல் பஃபரில் காத்திருப்பவற்றைக் கழித்து, 48,000 ஹெர்ட்ஸ் ஆடியோ என்றால் 48,000-ஆல் வகுத்தால் இப்போது காதில் விழும் இடம் கிடைக்கும். ஒரு ஃபிரேமுக்கு மேல் பின்தங்கினால் அந்த ஃபிரேமைக் காட்டாமல் விடுங்கள். காதுக்குச் சின்ன வெட்டும் தெரியும், கண் ஒரு ஃபிரேமைப் பொறுத்துக்கொள்ளும்.

கேள்வி: மாங்காய் மண்டித் திரையில் ராஸ்பெரி பை 4 என்ற சிறு கணினி போர்டில், நாள்–மணி சொல்லும் ‘கெட்டைம்ஆஃப்டே’ வைத்து ஓட்டுகிறோம். கரண்ட் போய் வந்தபின், நெட் கிடைத்ததும் படம் தலைதெறிக்க ஓடுகிறது.
– வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: அந்த போர்டில் பேட்டரிக் கடிகாரம் கிடையாது. பழைய நேரத்தோடு எழுந்து, நெட் வந்ததும் சரியான நேரத்துக்குத் தாவுகிறது. பிளேயரோ எல்லா ஃபிரேமும் தாமதம் என்று நினைத்து விரட்டுகிறது. ‘மோனோடானிக்’ கடிகாரம் இப்படித் தாவாது, அதற்கு மாறுங்கள். மணி காட்ட மட்டும் பழையதை வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: லேப்டாப்பில் சரியாக ஓடுவது, 32 பிட் போர்டில் மட்டும் 35 நிமிடம் 47 விநாடியில் உறைகிறது.
– வாசகர், ஊத்தங்கரை

பதில்: மைக்ரோ விநாடியை ‘லாங்’ என்ற முழு எண் வகையில் வைத்திருப்பீர்கள். அங்கே அது 32 பிட். 214 கோடியே 74 லட்சத்தைத் தாண்டியதும் நிரம்பி வழிகிறது. 64 பிட் லினக்ஸில் ‘லாங்’ 64 பிட் என்பதால் தெரியவில்லை. எங்கும் 64 பிட்டாகவே இருக்கும் ‘இன்ட்64’ வகை ஆக்குங்கள். விநாடியைப் பத்து லட்சத்தால் பெருக்கும் முன்பே மாற்ற வேண்டும். பெருக்கிய பிறகு மாற்றினால் வழிந்த எண்தான் கிடைக்கும்.