பயிரே வைக்காத நிலத்துக்கு அமெரிக்க அரசு ஏன் பணம் கொடுக்கிறது?

சும்மா கிடக்கும் நிலத்துக்குப் பணமா என்று கேட்டிருக்கிறீர்கள். சும்மா இல்லை. 1985 பண்ணைச் சட்டத்தில் வந்த சி.ஆர்.பி. (Conservation Reserve Program) என்ற நிலப் பாதுகாப்புத் திட்டம் இது. கான்சாஸ் மாநிலம் மாதிரி காற்றில் மேல்மண் பறக்கும் சமவெளியில், விவசாயி உழவை நிறுத்தி, புல் விதைத்து, 10 முதல் 15 வருடம் பராமரிப்பதாக ஒப்பந்தம் போடுகிறார். அதற்கு ஆண்டு வாடகை, அப்புறம் விதைப்புச் செலவில் ஒரு பங்கு. அந்தக் கவுண்டியின் (நம் மாவட்டம் மாதிரி) மானாவாரிக் குத்தகையையும் மண்வளத்தையும் பார்த்துதான் வாடகை. களையை அடக்க வேண்டும், பறவை கூடு கட்டும் காலத்தில் பொதுவாகப் புல்லை வெட்டக் கூடாது. இடையில் முறித்தால் வாங்கியதை வட்டியோடு கட்ட வேண்டும்.

ஒரு கவுண்டியின் விளைநிலத்தில் பொதுவாக 25 சதவீதம் வரைதான் இந்தத் திட்டத்தில் சேர்க்கலாம். அது நியாயம்தான், உழவு நின்றால் விதைக்கடைக்காரரும் டிராக்டர் மெக்கானிக்கும் என்ன செய்வார்கள்?