நெரிசலில் ஏறும் சூடு நெடுஞ்சாலையில் இறங்குவது ஏன்?

கேள்வி: என் பெட்ரோல் காருக்கு ஒன்பது வயதாகிறது. சிக்னலிலும் நெரிசலிலும் நிற்கும்போது டெம்பரேச்சர் முள் ஏறுகிறது. புறவழிச்சாலைக்கு வந்துவிட்டால் தானாக இறங்கிவிடுகிறது. ரேடியேட்டரை மாற்ற வேண்டும் என்கிறார் ஒரு மெக்கானிக். தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிவிட்டால் போதும் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது?
- ஈரோடு வாசகர்

பதில்: இப்போதைக்கு இருவர் சொல்வதையும் கேட்க வேண்டாம். முள் எப்போது ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்று கவனித்து எழுதியிருக்கிறீர்கள். பாதிப் பரிசோதனை அதிலேயே முடிந்துவிட்டது. வண்டி வேகமாக ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர வைத்துவிடும். நிற்கும்போது அந்தக் காற்றை ஃபேன்தான் இழுத்துத் தர வேண்டும். ரேடியேட்டர் உள்ளே அடைபட்டிருந்தாலோ வாட்டர் பம்ப் தேய்ந்திருந்தாலோ நெடுஞ்சாலையில்தான், அதுவும் ஏற்றத்தில், சூடு அதிகம் தெரியும். ஆகவே முதல் சந்தேகம் ஃபேன் மீதே விழ வேண்டும்.

எஞ்சினை ஓடவிட்டு ஏசியைப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் சிறிது நேரத்திலேயே ஃபேன் சுழலத் தொடங்கும். ஏசிக்குச் சுழன்று, சூடு ஏறும்போது மட்டும் சுழலவில்லை என்றால், மோட்டாரில் குறை இல்லை. எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் வெப்பத்தை உணரும் சென்சாரையோ அதற்குச் செல்லும் ஒயரையோ பார்க்க வேண்டும். எதற்குமே சுழலவில்லை என்றால் ஃபியூஸைப் பாருங்கள். அது சரியாக இருந்தால், ஃபியூஸ் பெட்டியில் அதே எண் கொண்ட ஹார்ன் ரிலேயை (மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சிறு சுவிட்ச்) எடுத்து ஃபேன் ரிலேயின் இடத்தில் செருகிப் பாருங்கள். இதில் செலவு ஒன்றுமில்லை. ஃபேன் மெதுவாகச் சுழன்றாலோ, கையால் தட்டிவிட்ட பிறகே கிளம்பினாலோ, மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். ஆனால் சாவியை எடுத்த பிறகும் சில கார்களில் ஃபேன் திடீரென ஓடும் என்பதால், தட்டுவதற்கு முன் எஞ்சினை நிறுத்தி பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிடுங்கள். கையை எடுத்த பிறகு ஒயரை மாட்டி, ஃபேன் கிளம்புகிறதா என்று பாருங்கள். ஓடும் எஞ்சினருகே வேட்டி நுனியும் துப்பட்டாவும் தொங்க வேண்டாம்.

ஃபேன் நன்றாக இருந்தும் முள் ஏறுகிறதா? ஏசி கண்டன்சருக்கும் (ரேடியேட்டருக்கு முன்னால் அதைப் போலவே இருக்கும் ஏசியின் பாகம்) ரேடியேட்டருக்கும் நடுவிலுள்ள இடுக்கில் டார்ச் அடித்துப் பாருங்கள். பூச்சியும் புழுதியும் சேர்ந்து அங்கே கம்பளம்போல் படிந்திருப்பது வழக்கம். எஞ்சின் ஆறிய பிறகு, எஞ்சின் பக்கமிருந்து முன்பக்கமாகச் சாதாரண ஹோஸில் தண்ணீர் அடித்தால் போதும். வாட்டர் சர்வீஸ் கன்னை நெருக்கிப் பிடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிக் காற்று வழி அடைந்துவிடும்.

தெர்மோஸ்டாட் வால்வு, எஞ்சின் சூடேறும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுத்து வைப்பது. அதைக் கழற்றும் வைத்தியம் நம் ஊர்ப் பட்டறைகளில் வெகுகாலமாக நடக்கிறது. உங்கள் கோளாறுக்கு அது தீர்வே அல்ல. வால்வு இல்லாவிட்டால் எஞ்சின் உரிய சூட்டுக்கு வரத் தாமதமாகும், இன்னும் குளிராகவே இருப்பதாகக் கணினி எண்ணிக்கொண்டு கூடுதல் பெட்ரோலைத் தரும், மைலேஜ் விழும். வால்வின் மீதே ஐயம் இருந்தால் அதைக் கழற்றி, ஒரு பாத்திரத் தண்ணீரில் நூலில் தொங்கவிட்டு, வெப்பமானி வைத்துச் சூடாக்குங்கள். அதன் மீது 82 என்று பொறித்திருந்தால் ஏறத்தாழ அந்த டிகிரியில் திறக்கத் தொடங்கி, தண்ணீர் கொதிப்பதற்குள் முழுமையாகத் திறந்துவிட வேண்டும். திறக்காவிட்டால் புதியது வாங்கிப் பொருத்துங்கள், வெற்றிடமாக விடாதீர்கள்.

கேள்வி: தரையில் ஒரு சொட்டுகூட இல்லை. ஆனாலும் கூலன்ட் குறைந்துகொண்டே போகிறதே?
- நாகர்கோவில் வாசகர்

பதில்: சூடான எஞ்சின் மீது கசிவது தரையைத் தொடுமுன் ஆவியாகிவிடும். ஹோஸ் கிளிப்புகளிலும் வாட்டர் பம்ப் புல்லியின் அடியிலும் வெள்ளையாகவோ கூலன்ட்டின் நிறத்திலோ பொருக்கு தட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ரேடியேட்டர் மூடியின் ரப்பரையும் சோதியுங்கள். மூடி தாங்கும் அழுத்தத்தால்தான் கொதிநிலை உயர்கிறது. வெறும் தண்ணீர்கூட 1 பார் கூடுதல் அழுத்தத்தில் ஏறத்தாழ 120 டிகிரியில்தான் கொதிக்கும். மேல் ஹோஸைக் கையால் தாராளமாகப் பிடிக்க முடிகிற அளவு ஆறாமல் மூடியைத் திறக்கவே கூடாது.

வெளியே எந்தத் தடயமும் இல்லாமல், ஆயில் மூடியின் அடியில் வெண்ணெய்போல் படிவதும், சூடேறிய பிறகும் இனிப்பு வாடையுடன் வெண்புகை வருவதும், காலையில் ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடங்களிலேயே ஹோஸ் கல்லாக இறுகுவதும் இருந்தால், ஹெட் கேஸ்கட் (எஞ்சினின் மேல் பாகத்துக்கும் கீழ் பாகத்துக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் தகடு) போயிருக்கலாம். அது வீட்டில் பார்க்கும் வேலையல்ல. அதன் பிறகு வண்டியை ஓட்டிக்கொண்டும் போக வேண்டாம், கட்டி இழுத்துப் போங்கள்.

கேள்வி: கூலன்ட்டுக்குப் பதில் போர் தண்ணீர் ஊற்றலாமா?
- திருப்பூர் வாசகர்

பதில்: வழியில் வேறு வழியில்லாத நேரத்தில், எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு ஊற்றலாம், வீடு வந்ததும் வடித்துவிடுங்கள். போர் தண்ணீரின் உப்பு, குடத்தின் அடியில் படிவதுபோல் ரேடியேட்டர் குழாய்களில் படியும். கலக்காத கூலன்ட்டை வாங்கினால், காய்ச்சி வடித்த நீருடன் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். வடித்த பழையதைச் சாக்கடையிலோ வாசலிலோ கொட்டாமல் மூடிய கேனில் பிடித்துப் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும் என்பதால் நாயும் பூனையும் நக்கிவிடும், சிறிதளவே அவற்றின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொன்றுவிடும்.