செம்மறி மயிரும் திருநகர் முயலும்

அன்புள்ள சார்,

நீங்கள் கம்பளியில் காளை செய்ததை எழுதியிருந்தீர்கள். அதைப் படித்துவிட்டு நானும் நீடில் ஃபெல்டிங்கில், அதாவது கம்பளிப் பஞ்சை ஊசியால் குத்திக் குத்தி உருவம் செய்யும் வேலையில் இறங்கினேன். இரண்டு வாரத்தில் ஐந்து ஊசி உடைந்தது. செய்த முயல் தொளதொளவென்று இருக்கிறது. "மதுரை வெயில்ல கம்பளியா?" என்று வீட்டில் கேலி வேறு. ஊரைச் சுற்றி இத்தனை செம்மறி மேயும்போது கம்பளியைக் காசு கொடுத்து வாங்க வேண்டுமா?

வாசகி, திருநகர்

அன்புள்ள வாசகிக்கு,

கடைசிக் கேள்வியில் நானும் ஏமாந்தவன். போன மாசியில் செக்கானூரணிப் பக்கம் ஓர் ஆட்டுக் கிடைக்குப் போய்க் கேட்டேன். ஆடு மேய்க்கும் கீதாரி சிரித்தார். "இது மயிருய்யா. இத வச்சு என்னத்தப் பண்ணுவீக?" என்றாலும் ஒரு பிடி கத்தரித்துத் தந்தார். அலசிக் காயவைத்து ஒரு சாயங்காலம் முழுக்கக் குத்தினேன். தேங்காய் நார்த் தும்பு மாதிரி உதிர்ந்ததுதான் மிச்சம். நம் பக்கத்துக் கீழக்கரிசல் ஆடு கறிக்கும் வயலில் கிடை போடவும்தான். அதன் முடி விறைப்பு. கம்பளி இழையிலோ சுருளும் உண்டு, மேலே மீன் செதில் மாதிரி அடுக்கும் உண்டு. ஊசியின் விளிம்பில் வெட்டியிருக்கும் பொடி முட்கள் இழையைப் பற்றி உள்ளே இழுக்கும். உள்ளே போனது அங்கேயே சிக்கிக்கொள்ளும். மெல்லிய கம்பளி தரும் நம் மாநிலத்து ஆடு நீலகிரியில் இருக்கிறது. ஆகவே காசு கொடுத்துத்தான் ஆகவேண்டும். மெரினோ என்ற மெல்லிய ரகக் கம்பளியைவிடச் சற்று முரடானதாகக் கேளுங்கள், சீக்கிரம் இறுகும்.

ஊசி உடைவது தையல் பழகிய கையால். துணியில் செய்வதுபோல் சாய்த்து நெம்பியிருப்பீர்கள். போன வழியே நேராக வெளியே வரவேண்டும். உருவம் பிடிக்க 36-ஆம் எண் ஊசி, மேல்பூச்சுக்கு 40. எண் ஏற ஏற ஊசி மெலியும். உடைந்த ஐந்து நுனியும் கிடைத்துவிட்டனவா? இல்லையென்றால் அந்த முயலைக் குழந்தைகள் கையில் கொடுத்துவிடாதீர்கள்.

தொளதொளப்புக்குக் காரணம் அவசரம். பஞ்சை இறுக்கிச் சுருட்டி, ஊசி நடுவரை இறங்கும்படி திருப்பித் திருப்பிக் குத்துங்கள். கண்ணெதிரே சிறுத்துக்கொண்டே வரும். அமுக்கினால் கொய்யாக்காய் மாதிரி இருக்கவேண்டும், அதற்குப் பிறகுதான் காது. காதைத் தனியாகச் செய்து, அடிப்பக்கத்தை மட்டும் குத்தாமல் பஞ்சாகவே விடுங்கள்; அந்தப் பஞ்சுதான் தலைக்குள் இறங்கிப் பிடிக்கும். இது தெரியாமல் என் முதல் காளைக்குத் திமிலை முழுக்க இறுக்கிவிட்டேன். அது வாடிவாசல் தாண்டுவதற்குள் கழன்று விழுந்தது.

வீட்டார் கேலிக்கு என்னிடம் பதில் இல்லை. ஃபேன் போட்டால் பஞ்சு பறக்கிறது, நிறுத்தினால் வேர்க்கிறது. நான் விடிகாலை ஐந்து மணிக்கு உட்காருகிறேன்.